மூன்று படிக்கட்டுத் தீவு!

கொழும்பு நகரில் இரவு நேரம். மின்விசிறி சுற்றாவிட்டால் தூக்கம் வராது.

அதே இரவு, நுவரெலியா நகரம். கம்பளி போர்த்தாவிட்டால் தூக்கம் வராது.

இரண்டு ஊரும் இலங்கையில்தான் இருக்கின்றன. நேர்கோடு போட்டு அளந்தால் இரண்டுக்கும் நடுவே நூறு மைல்கூட இல்லை. ஒரே நாடு. ஒரே இரவு. ஆனால் ஓர் ஊரில் வியர்வை. மற்றோர் ஊரில் நடுக்கம்!

காரணம் என்ன?

கொழும்பு கடலோரத்தில் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 6 ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது.

வித்தியாசம் அவ்வளவுதான். உயரம்!

இலங்கையில் எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்யும்? எந்தப் பயிர் விளையும்? கிணற்றுத் தண்ணீர் இனிக்குமா, கரிக்குமா? யார் எங்கே குடியிருப்பார்கள்? இவை எல்லாவற்றையும் முடிவு செய்வதில் உயரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சில நாட்களில், யார் உயிர் பிழைப்பார் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பாதி

இலங்கை சிறிய நாடு. அதன் பரப்பு சுமார் 65 ஆயிரத்து 600 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதி. வடக்கு முனையில் இருந்து தெற்கு முனை வரை சுமார் 270 மைல். அகலமான இடத்தில் சுமார் 140 மைல்.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பிரித்தார்கள். மலை, காடு, வயல், கடற்கரை. இந்த நான்கையும் இந்தச் சிறிய தீவில் ஒரே நாள் பிரயாணத்தில் பார்த்துவிடலாம்.

இலங்கையின் வடிவம் மாம்பழம் போன்றது. காம்பு வடக்கே இருக்கிறது, அது யாழ்ப்பாணம். பழத்தின் நடுவுக்குச் சற்றுத் தெற்கே மலைகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி நாலா பக்கமும் சமவெளி. அதற்கு அப்பால் கடல்.

ஆகவே ஆறுகளும் நடுவில் பிறந்து நாலா திசையிலும் ஓடுகின்றன. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகள் உண்டு. மிக நீளமானது மகாவலி கங்கை. அது 335 கிலோ மீட்டர் ஓடி, திரிகோணமலைக்கு அருகே கடலில் கலக்கிறது.

படிக்கட்டு எப்படி வந்தது?

கனடா நாட்டு நிலவியல் அறிஞர் ஆடம்ஸ் இலங்கையின் நிலத்தை ஆராய்ந்தார். 1929-ம் ஆண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். "இந்தத் தீவு மூன்று படிகளாக அமைந்திருக்கிறது" என்பதே அந்தக் கருத்து.

வீட்டு வாசற்படியை நினைத்துக் கொள்ளுங்கள்.

முதல் படி, கடற்கரையும் சமவெளியும். அதன் உயரம் சராசரி 100 அடி.

இரண்டாம் படி, மலைகளின் இடுப்பு. உயரம் சுமார் 1,600 அடி.

மூன்றாம் படி, மலைகளின் தலை. உயரம் சுமார் 6 ஆயிரம் அடி.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நிலம் செங்குத்தாக இறங்குகிறது. மேல்படியில் அமைதியாக ஓடிவரும் ஆறு, படியின் ஓரத்துக்கு வந்ததும் தலைகீழாகக் குதிக்கிறது. அதுதான் அருவி! இலங்கையில் அருவிகள் இவ்வளவு அதிகமாக இருப்பதன் இரகசியம் இதுவே. அவற்றில் மிக உயரமானது பம்பரகந்த அருவி. அங்கே தண்ணீர் 863 அடி உயரத்தில் இருந்து விழுகிறது.

படிகள் உண்டானது எப்படி? மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தைத் தேய்த்ததால் உண்டாயின என்றார் ஆடம்ஸ். நம் இந்திய நாட்டு நிலவியல் அறிஞர் டி.என்.வாடியா இலங்கையில் வேலை பார்த்தவர். பூமிக்குள் இருந்த விசை நிலத்தைத் துண்டு துண்டாக மேலே தள்ளியது என்று அவர் சொன்னார். பின்னால் வந்த அறிஞர்கள், "படிகளின் எல்லை எல்லா இடத்திலும் அவ்வளவு சீராக இல்லை" என்றார்கள். ஆனாலும் இலங்கையைப் புரிந்துகொள்ள இந்தப் படிக்கட்டைவிட எளிய வழி கிடையாது.

வாருங்கள், கீழே இருந்து ஏறுவோம்!

கடலுக்குள் ஒரு படி

முதல் படிக்கும் கீழே இன்னொரு படி ஒளிந்திருக்கிறது. அது கடலுக்குள் இருக்கிறது!

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள மணல் திட்டுகளை நாம் இராமர் அணை என்கிறோம். அங்கே கடல் ஆழமே இல்லை. சில இடங்களில் சில அடிதான் தண்ணீர்.

சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உலகில் பனி மிகுந்திருந்தது. கடல் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அதனால் கடல் மட்டம் இன்று இருப்பதைவிட சுமார் 400 அடி கீழே இருந்தது. அப்போது இந்தப் பகுதி முழுவதும் காய்ந்த தரை. இந்தியாவில் இருந்து இலங்கைக்கு மனிதரும் மிருகமும் நடந்தே போகலாம்.

பனி உருகியது, கடல் ஏறியது, இலங்கை தீவாகிவிட்டது.

மலை இல்லாத ஊரில் கீரிமலை

முதல் படியில் வடக்கே இருப்பது யாழ்ப்பாணம். அங்கே மலை கிடையாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் கிடையாது. ஆனால் கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு! கடலோரத்தில் சற்றே மேடான இடம் அது. தட்டையான நாட்டில் அந்த மேடே மலை என்று பெயர் வாங்கிவிட்டது. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊற்று இருப்பது அந்த ஊரின் விசேஷம்.

உப்புக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது?

யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அதில் துளைகளும் பிளவுகளும் அதிகம். மழைத் தண்ணீர் உடனே உள்ளே இறங்கிவிடும். பூமிக்குள் கடல் தண்ணீரும் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது. உப்புத் தண்ணீர் எடை கூடியது. ஆகவே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மேலே நல்ல தண்ணீர். ஆழத்தில் உப்புத் தண்ணீர்.

யாழ்ப்பாணத்து மக்கள் இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுதான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிர் செய்து பெயர் வாங்கினார்கள். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் ஆபத்து. நல்ல தண்ணீர் குறையும்; அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். நிலம் இன்னும் சில அடி உயரமாக இருந்திருந்தால் இந்தக் கவலை இவ்வளவு இருந்திருக்காது.

மணல் மேடு காத்த உயிர்

தாழ்ந்த நிலத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. இலங்கையின் கடற்கரைகளில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தெற்கே பெரேலிய என்ற இடத்தில் ரெயிலையே அலை கவிழ்த்தது. அந்த ஒரே இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அன்று சில அடி உயரம்கூட உயிரைக் காத்தது. தெற்குக் கடற்கரையில் பெரிய மணல் மேடுகள் உண்டு. மேடு அப்படியே நின்ற இடங்களில் அலை தடுக்கப்பட்டது. கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று மேட்டை வெட்டிய இடத்தில் அலை உள்ளே புகுந்தது. இயற்கை கட்டிய சுவரை மனிதன் இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

மைலுக்கு ஆறு அங்குலம்!

முதல் படியின் நடுப்பகுதிக்கு வருவோம். அனுராதபுரம், பொலன்னறுவை. இங்கே மழை சில மாதங்கள்தான் பெய்யும். மற்ற மாதங்களில் வெயில் கொளுத்தும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரிய அரசுகள் இங்கே செழித்திருந்தன.

எப்படி? ஏரிகள்தான் காரணம். இலங்கைத் தமிழர் அவற்றைக் குளம் என்பார்கள்.

சமவெளியில் ஏரி வெட்டுவது எளிது. தண்ணீரைத் தொலைதூரம் கொண்டுபோவதுதான் கடினம். நிலம் அதிகமாகச் சரிந்தால் கால்வாய் கரையை அரித்துவிடும். சரிவே இல்லாவிட்டால் தண்ணீர் நகராது.

5-ம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற அரசன் கலாவாவி என்ற பெரிய ஏரியைக் கட்டினான். அதில் இருந்து அனுராதபுரத்துக்கு 54 மைல் நீளக் கால்வாய் போகிறது. அதன் முதல் 17 மைலில் சரிவு எவ்வளவு தெரியுமா? மைலுக்கு ஆறு அங்குலம்!

ஒரு மைல் நடந்தால் அரை அடிதான் இறக்கம். கண்ணுக்கே தெரியாது. இன்று இருக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் அந்த உயரத்தை அளந்து வெட்டிய கைகளை என்னவென்று புகழ்வது!

அந்தத் தாதுசேனனின் மகன்தான் காசியப்பன். சமவெளி நடுவே தன்னந்தனியாக நிற்கும் சிகிரியாப் பாறைமேல் அரண்மனை கட்டியவன். பாறையின் உயரம் சுமார் 600 அடி. சுற்றி இருந்த மண் தேய்ந்து போய்விட்டது. கடினமான பாறை மட்டும் நின்றுவிட்டது. எதிரிக்குப் பயந்தவனுக்கு உயரமே கோட்டை ஆயிற்று.

இரண்டாம் படி: கண்டி

சமவெளியில் இருந்து கண்டிக்குப் போகும் சாலை கடுகண்ணாவ என்ற இடத்தில் திடீரென்று மலை ஏறுகிறது. அங்கேதான் இரண்டாம் படி தொடங்குகிறது. கண்டி சுமார் 1,600 அடி உயரத்தில் இருக்கிறது.

இந்தப் படியின் பெருமை சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், கடற்கரையைப் பிடித்தார்கள். டச்சுக்காரர் வந்தார்கள், கடற்கரையைப் பிடித்தார்கள். கண்டியை மட்டும் அவர்களால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. குறுகிய கணவாய், அடர்ந்த காடு, மழை, அட்டை, காய்ச்சல். இவை எல்லாம் கண்டிக்குக் காவல் நின்றன. 1803-ல் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலேயப் படை நோயிலும் போரிலும் அழிந்தது.

கடைசியில் 1815-ல் கண்டிப் பிரதானிகளே அரசனைக் கைவிட்டார்கள். அப்போதுதான் ஆங்கிலேயர் கண்டியை எடுத்துக்கொள்ள முடிந்தது. மலை தோற்கவில்லை, மனிதர்தான் தோற்றார்கள்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவர். ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் அவர் இறந்தார். அவருடைய சமாதி இன்றும் வேலூரில் இருக்கிறது.

மலை ஏறிய ரெயில்

ஆங்கிலேயருக்கு மலைமேல் ஒரு கண் இருந்தது. அங்கே காப்பி பயிரிட்டார்கள். விளைந்த காப்பியைக் கப்பலுக்குக் கொண்டுவர ரெயில் வேண்டியிருந்தது.

1867-ல் கொழும்பில் இருந்து கண்டிக்கு ரெயில் வந்தது. பிறகு பாதை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. 1885-ல் நுவரெலியா பக்கம் உள்ள நானுஓயாவைத் தொட்டது. பதுளையை அடையும்போது 1924 ஆகிவிட்டது.

வழியில் பட்டிப்பொல என்று ஒரு நிலையம். சுமார் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான ரெயில் நிலையம் கிடையாது.

தெமோதரை நிலையத்தில் ஒரு விசித்திரம்! உயரத்தைச் சமாளிக்க அங்கே பாதையை வளையமாகப் போட்டிருக்கிறார்கள். நிலையத்தைவிட்டுப் புறப்படும் பாதை, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்தின் வழியாகப் போகிறது. படிக்கட்டில் ஏற முடியாத ரெயிலுக்குச் செய்துகொடுத்த சுற்றுப் பாதை அது.

மூன்றாம் படி: முகில் உலாவும் நாடு

இப்போது உச்சிக்கு வந்துவிட்டோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொழும்பின் சராசரி வெப்பம் 27 டிகிரி. நுவரெலியாவில் 16 டிகிரி அளவுதான். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆகவே காரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு எல்லாம் இங்கே நன்றாக விளைகின்றன.

இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பீதுருதாலகாலா. உயரம் 8,281 அடி. நம் ஊட்டியில் உள்ள தொட்டபெட்டா இதைவிடச் சுமார் 370 அடி உயரம்.

சற்றுத் தெற்கே ஹோர்ட்டன் சமவெளி. 7 ஆயிரம் அடி உயரத்தில் புல்வெளி! நடுநடுவே குட்டையான மரங்கள் நிறைந்த சோலை. மான்கள் கூட்டமாக மேயும். அங்கே பூக்கும் காட்டுப் பூவரசின் உறவுமரம் நீலகிரியிலும் பூக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நிலப்பரப்பாக இருந்தவை. அந்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை.

முகில் இந்தச் சோலை மரங்களில் மோதும். இலையில் படிந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. ஆகவே இந்தச் சமவெளியை இலங்கையின் தண்ணீர்த் தொட்டி என்றே சொல்லலாம்.

அதன் தெற்கு ஓரத்துக்குப் போனால் நெஞ்சு பதறும். நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது! சுமார் 2,800 அடி ஆழத்துக்கு ஒரே பள்ளம். அந்த இடத்துக்கு 'உலக முடிவு' என்று பெயர். மூன்றாம் படியின் ஓரம் அதுதான்.

மழையைப் பிரிக்கும் சுவர்

இந்த மலைகள் வெறும் அழகுக்கு நிற்கவில்லை. மழையைப் பங்கு போடும் சுவராக நிற்கின்றன.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்ததும் மழையாகக் கொட்டுகிறது. மலையின் மேற்குச் சரிவில் உள்ள வட்டவளையில் ஆண்டுக்கு சுமார் 200 அங்குலம் மழை!

மலையைத் தாண்டிய காற்றில் ஈரம் இல்லை. கிழக்குப் பக்கம் இறங்கும்போது அது சூடேறுகிறது. மட்டக்களப்பில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். ஒரு பக்கம் குடை. மறு பக்கம் புழுதி!

டிசம்பர் வந்தால் கதை மாறும். வடகிழக்குக் காற்று கிழக்குப் பக்கத்தை நனைக்கும். மேற்குப் பக்கத்தில் மழை குறையும்.

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகும் காலமும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. அந்த மலையின் உயரம் 7,359 அடி. உச்சியில் உள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். இந்துக்கள் சிவபெருமானுடையது என்கிறார்கள். முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்கிறார்கள். எல்லோரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரை மே மாதப் பௌர்ணமியோடு முடிகிறது. அதற்குப் பிறகு தென்மேற்கு மழை வந்துவிடும் அல்லவா?

தேயிலைக்கும் உயரம் வேண்டும்

1869-ல் காப்பிச் செடியில் இலை நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது.

தேயிலை வியாபாரிகள் தூளைப் பிரிப்பதே உயரத்தை வைத்துத்தான். 2 ஆயிரம் அடிக்குக் கீழே விளைவது ஒரு வகை. 2 ஆயிரம் முதல் 4 ஆயிரம் அடி வரை விளைவது இன்னொரு வகை. 4 ஆயிரம் அடிக்கு மேலே விளைவது மூன்றாம் வகை. மேலே போகப் போகக் கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். கீழே விளைவதில் நிறமும் திடமும் அதிகம்.

சரி, இந்தத் தேயிலையை நட்டது யார்? கொழுந்து பறித்தது யார்?

திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் இருந்து போன நம் மக்கள்! பஞ்சம் விரட்டியது, கங்காணி அழைத்துப் போனான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காய்ந்த காட்டு வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து, மாத்தளை வழியாக மலை ஏறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர்.

முதல் படியில் கரை இறங்கியவர்கள் மூன்றாம் படி வரை தோட்டங்களை உண்டாக்கினார்கள். ஆனால் அந்தப் படியில் அவர்களுக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமாகவில்லை. 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்தார்கள். 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே தங்கி, நாடற்றவர்களாக எஞ்சி இருந்தவர்களுக்கு 2003-ல்தான் சட்டம் முழு வழி திறந்தது.

மண் சரியும் மலை

அவர்கள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். நல்ல நிலம் தேயிலைக்குப் போய்விட்டது. ஆகவே பல லயங்கள் சரிவின் மடியிலும் பள்ளத்தின் ஓரத்திலும் நிற்கின்றன.

மலைச் சரிவில் அடியில் பாறை இருக்கும். மேலே மண் இருக்கும். காட்டு மரங்களின் வேர்கள் அந்த மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. காடு போனது, பிடிப்பும் போனது. நாள் கணக்கில் மழை பெய்தால் மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் புகும். ஒரு கட்டத்தில் மலைச் சரிவே நழுவி இறங்கும்.

2014-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை அருகே மீரியபெத்தை தோட்டத்தில் அதுதான் நடந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் மக்கள் போவதற்கு வேறு இடம் எங்கே?

2025-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் பேய்மழை கொட்டியது. எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. மலை ரெயில் பாதையும் பல இடங்களில் சேதம் அடைந்தது. நாடு முழுவதும் இறந்தவர்கள் 600-க்கு மேல். உயிர்ச்சேதம் மிகுந்த மாவட்டங்கள் கண்டி, நுவரெலியா, பதுளை. கடலில் பிறந்த புயல், கடற்கரையைவிட மலையில்தான் அதிக உயிர்களைக் குடித்தது!

இந்த அடையாளங்களைப் பாருங்கள்

மலை பெரும்பாலும் சொல்லாமல் சரிவதில்லை. முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும். இலங்கைக்கு மட்டும் அல்ல. நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் மக்களுக்கும் இவை பொருந்தும்.

தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு காணும்.

நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாயும்.

தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கும். இல்லாத இடத்தில் ஊற்று வரும். இருந்த ஊற்று நின்றுபோகும்.

கதவும் சன்னலும் காரணம் இல்லாமல் இறுகிக்கொள்ளும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும், மழை நாளாக இருந்தால் வீட்டில் தங்கக்கூடாது. இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண் சரிவு எச்சரிக்கை கொடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லி மீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 150 மில்லி மீட்டர், அதாவது 6 அங்குலம் பெய்தால் ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும். பொருள் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால் வருமா?

நகர்த்த முடிந்தது எது?

எந்தச் சரிவு ஆபத்தானது என்பதைக் காட்டும் வரைபடங்கள் இன்று இருக்கின்றன. எந்த லயம் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். தோட்டத் தொழிலாளருக்குத் தனி வீடு கட்டித் தரும் திட்டங்களும் நடக்கின்றன. இந்திய அரசாங்கமும் அதற்கு உதவி செய்கிறது. ஆனால் தேவையோ மிகப் பெரிது. வீடு கட்ட முதலில் பத்திரமான நிலம் வேண்டும். அந்த நிலம் குடும்பத்தின் பெயரில் இருக்கவேண்டும்.

மூன்று படிகளையும் பார்த்துவிட்டோம். கீழ்ப்படியில் தண்ணீரைக் கவனமாக இறைத்தவன் பிழைத்தான். மைலுக்கு ஆறு அங்குலம் அளந்து வெட்டியவன் ஒரு நாட்டுக்கே சோறு போட்டான். மணல் மேட்டை விட்டுவைத்த ஊர் அலையில் தப்பியது. நிலத்தின் மேடு பள்ளத்தை மதித்தவர்களை நிலமும் மதித்தது.

மேல்படியில் இருப்பவர்களுக்கு மட்டும் தங்கள் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. நாம் காலையில் குடிக்கும் தேநீரின் மணம் அந்த உயரத்தில் இருந்து வருகிறது. அந்த மணத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலையும் அங்கேதான் இருக்கிறது.

மலையை நகர்த்த யாராலும் முடியாது. லயத்தை நகர்த்த முடியும்!